பன்னிரண்டு தபாலட்டைகள்

அத்தியாயம் ஆறு

கப்பல் பீல் ஏரித்துறையை விட்டுப் புறப்பட இன்னும் நாலு நிமிடம் இருந்தது. என் மடியில் ஒரு பட்டு வேட்டி, ஒரு சால்வை, வெற்றிலை பாக்கு வைத்துச் சுற்றிய கலியாண அழைப்பிதழ். இதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியவனைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"அண்ணை, அந்தப் பொட்டலத்தைக் கீழ வையுங்கோ. மாப்பிள்ளை பாக்கப் போற ஆள் மாதிரி இருக்கிறியள்," என்றாள் தர்மிகா.

"முப்பது வருசத்துக்கு முந்தி என்னை ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. நானாவது ஆரையும் பாப்பம்."

தர்மிகாவுக்கு நாற்பத்தொரு வயது. ஆறு வயதில் பேர்னுக்கு வந்தவள். காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்காக, முதுகு நோவென்று வீட்டிலிருந்து காசு வாங்கிக்கொண்டு பின்னேரத்தில் பந்தடிக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியத் தொடங்கினாள். நான் தம்பித்துரை. இருபத்திரண்டு வருடம் ரெஸ்டாரன்ட் குசினியில் சட்டி பானை கழுவி, உண்மையாகவே முதுகு போனவன். அவள் மூன்று மாதம் பின்னால் அலைந்தும் ஒரு குற்றமும் அகப்படாத ஒரே ஆள் நான்தான். அந்த மரியாதைக்கு என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டாள்.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் மனோகரி அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி, குகதாசன். பதினாலு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் வீட்டில் குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டான். நாலு பேர் முன்னால் அவமானம் தாங்காமல் அக்கா, "இனி என்ர வாசல் மிதியாதை," என்று சொல்லிவிட்டாள். அவனும் மிதிக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒன்றாக ஒரு தபாலட்டை மட்டும் வரும். மகள் மதுஜாதான் தபால்பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். வாசிக்க அதிகம் இல்லை. பன்னிரண்டு அட்டையிலும் ஒரே வரிதான். 'அக்கா, நான் சுகம்.'

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுஜாவுக்குக் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் மகளை மணவறையில் இருத்த மாட்டேன் என்று அக்கா நிற்கிறாள். "நான் வாயால துரத்தினவனை நானே கூப்பிடோணும் தம்பி. கண்டால் இதைக் குடுத்து, அக்கா காலில விழுறாளாம் எண்டு சொல்லுங்கோ," என்று பொட்டலத்தை என் கையில் தந்தாள். அழுகையை மறைக்கக் குசினிக்குள் போய், எங்களுக்கு ரோல்ஸ் பொரித்து ஒரு பழைய டப்பாவில் கட்டித் தந்தாள். மூடியில் 'மதுஜா' என்று பெயர் ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கினால் செருப்பு முதல் சாப்பாட்டு டப்பா வரை பெயர் ஒட்டியாக வேண்டும். பிள்ளை வளர்ந்து வங்கியில் வேலைக்குப் போனாலும் டப்பாவிலிருந்து அந்தப் பெயர் போகாது.

கப்பல் ஊதியது. தர்மிகா அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் விரித்தாள்.

"படங்களைப் பாருங்கோ. நிடாவ் கோட்டை. பியூரன் மரப்பாலம். அல்ட்ரோய் நாரைக்கூடு. சோலோதுர்ன் கோயில். ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் மாறுறார் எண்டுதான் எல்லாரும் நினைச்சவை. ஆனா அல்ட்ரோய்க்கு றெயில் போகாது. இவ்வளவு ஊரிலயும் நிக்கிற ஒரே வாகனம் இந்தக் கப்பல்தான்."

"அது சரி. இண்டைக்குத்தான் வருவார் எண்டு எப்பிடித் தெரியும்?"

"திகதி. மேல் மூலையில ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்."

அதற்குள் என் கைபேசி அடித்தது. மனோகரி அக்கா.

"கண்டியளோ தம்பி?"

"கப்பலில ஏறிட்டம் அக்கா. நீங்கள் ரெண்டரை மணித்தியாலத்தில சோலோதுர்ன் துறைக்கு வாங்கோ. கையில பிடிச்சுத் தாறம்."

"நான் மட்டும்தான் வருவன். மதுஜா மண்டபம் பாக்கப் போயிட்டாள். மதுஜாவின்ர அப்பாவுக்கு இண்டைக்கு டியூட்டி. அவன் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினால் என்ன செய்யிறது?"

"திருப்பினால் நான் நேராக்கி விடுறன்."

அவள் சிரித்தாள். இரண்டு கிழமையில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் தர்மிகா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லச் சொன்னனானோ?"

"பாவம், மனுசி சந்தோசப்படட்டும்."

"ஆளைக் கண்டாப்பிறகு சந்தோசப்படலாம்."

அவள் சொன்னது சரி என்று தெரிய எனக்கு இருபது நிமிடம்தான் எடுத்தது.

கப்பல் ஏரியைத் தாண்டி நிடாவ் பக்கம் கால்வாய்க்குள் நுழைந்தது. இரண்டு கரையிலும் தோட்டம், வெயிலில் படுத்திருக்கும் சனம், ஒரு நாய். வெயில் நன்றாக இருந்தது. நான் ரோல்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டு, "உந்தத் திகதிக் கணக்கைச் சொல்லுங்கோ," என்றேன்.

"இருபத்தொண்டில ஜூலை பதினாலு. அடுத்த வருசம் ஜூலை மூண்டு. அதுக்கடுத்தது ஜூன் இருபத்திரண்டு. பதினொரு நாள், பதினொரு நாளாய் முன்னுக்கு வருது. போன வருசம் ஒரேயடியாய்ப் பதினெட்டு நாள் பின்னுக்குப் போய் ஜூலை பத்து. பன்னிரண்டு வருசமும் கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான். அப்ப இந்த முறை பதினொண்டைக் கழிக்க ஜூன் இருபத்தொன்பது. இண்டைக்கு."

"ஏன் அப்பிடி ஆடுது?"

"அதுதான் விளங்கேல்லை. வேலை நாளும் இல்லை, லீவு நாளும் இல்லை. கிழமையும் ஒண்டில்லை. கணக்கு சரியா வருது, காரணம் வருதில்லை."

எனக்குக் காரணம் வந்தது. ரோல்ஸ் பாதியில் நின்றது. என் குசினிச் சுவரில் தொங்குகிற பஞ்சாங்கக் கலண்டரில் வருடா வருடம் நானும் இப்படி ஒரு நாளைத் தேடிப்பிடித்து வட்டம் போடுகிறவன்தான். அம்மாவின் திவசம். அதுவும் இப்படித்தான் பதினொரு நாள் முன்னுக்கு வரும், பிறகு பின்னுக்கு ஓடும்.

கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். இன்றைக்கு ஆனி மாதம், வளர்பிறைப் பூர்வபக்கப் பஞ்சமி. போன வருடம் ஜூலை பத்து, அதே பஞ்சமி. அதற்கு முதல் வருடமும் பஞ்சமி. இன்னும் இரண்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிப் போச்சு?"

"இது திதி பிள்ளை. எல்லா அட்டையும் ஒரே திதியில எழுதினது."

"திதி எண்டா? அவர் பிறந்தநாளோ?"

"பிறந்தநாளுக்கு நாங்கள் நட்சத்திரம் பாப்பம். திதி பாக்கிறது செத்த ஆக்களுக்கு."

தர்மிகா அட்டைகளைப் பார்த்தாள். பிறகு நான் கீழே வைத்த பொட்டலத்தைப் பார்த்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி உறைக்குள் போட்டாள்.

"அப்ப 'அக்கா, நான் சுகம்' எண்டு எழுதினது?"

"குகதாசன் இல்லை. குகதாசனுக்குத் திவசம் செய்யிற ஆரோ."

அக்கா என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள், தம்பியின் எழுத்து கொஞ்சம் மாறிப்போச்சு, வயது போனால் எல்லாருக்கும் மாறும்தானே என்று. அது இப்போது ஞாபகம் வந்தது. அவளைச் சோலோதுர்ன் துறைக்கு வரச் சொன்ன என் வாயை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"போன் பண்ணி மறியுங்கோ," என்றாள் தர்மிகா.

அடித்தேன். எடுக்கவில்லை. றெயிலில் இருப்பாள். இல்லாவிட்டால் தம்பியைக் காணப் போகிற அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டிருப்பாள்.

போர்ட் என்ற ஊரில் கப்பல் வேகம் குறைந்தது. இங்கே ஆற்றைக் கதவு போட்டு மறித்திருக்கிறார்கள். கப்பல் ஒரு நீளமான கொங்கிரீட் தொட்டிக்குள் போய் நிற்கும். பின்கதவு மூடும், தொட்டித் தண்ணீர் இறங்கும், கப்பலும் கூடவே இறங்கும். கீழ் ஆற்றின் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவு திறக்கும். இதைப் பார்க்கவே காசு கொடுத்து வருகிறவர்கள் உண்டு. எல்லோரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கப்பலின் முன்பக்கம் ஓடினார்கள்.

"ஒரு ஆள் ஓடேல்லை," என்றாள் தர்மிகா மெல்லமாக.

பின்தட்டில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை. தலையில் வெயில் தொப்பி. தமிழ் ஆள்தான் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. சுவரில் ஈரக்கோடு மேலே மேலே போக, கப்பல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

முன்கதவு திறந்தது. கப்பல் தொட்டியை விட்டு வெளியே வந்து கீழ் ஆற்றில் சேர்ந்த பிறகுதான் அவர் குனிந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். எள்ளுப் போட்ட சோற்று உருண்டை ஒன்றை இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டார். பிறகு போத்தலில் இருந்து கொஞ்சம் தண்ணீரைக் கைக்குள் ஊற்றி, பெருவிரல் பக்கமாக மூன்று முறை வழியவிட்டார். மோதிரவிரலில் தர்ப்பை.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியைப் பார்த்தேன். மங்கிப்போன சிவப்பில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. அதே பெயர் ஒட்டிய டப்பாவில்தான் நான் அரைமணிக்கு முன் ரோல்ஸ் தின்றேன்.

"பிள்ளை, உவர் யோகராஜா அண்ணை. மனோகரி அக்காவின்ர மனுசன்."

தர்மிகா எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். எங்களை அவர் வீட்டிலேயே இரண்டு தடவை கண்டவர், தேநீர் ஊற்றித் தந்தவர். ஓடவோ ஒளிக்கவோ முயலவில்லை.

"உங்களுக்கு டியூட்டி எண்டு அக்கா சொன்னவா," என்றாள் தர்மிகா.

"இதுவும் டியூட்டிதான் தங்கச்சி," என்றார் அவர்.

மூன்று பேரும் வாங்கில் உட்கார்ந்தோம். ஆறு அகலமாகி மெதுவாக ஓடியது. அவரே சொல்லத் தொடங்கினார். யாராவது கேட்கட்டும் என்று பதின்மூன்று வருடமாகக் காத்திருந்தவர் போல நிறுத்தாமல் சொன்னார்.

"குகதாசன் வீட்டை விட்டுப் போனாப்பிறகும் என்னோட மட்டும் கதைப்பான். பியூரனில ஒரு ரெஸ்டாரன்ட்டில நிண்டவன். குடியை விட்டுட்டான். அக்காவைக் கண்டு மன்னிப்புக் கேக்கோணும் அத்தான் எண்டுவான். மதுஜா பெரியபிள்ளையாகி வைச்ச சாமத்தியச் சடங்குக்குக் கூட்டிக்கொண்டு வாறன், எல்லாரும் நிக்கேக்க ஒண்டும் சொல்ல மாட்டா எண்டு நான்தான் சொன்னனான். அவனும் சரியெண்டு சட்டை தைக்கக் குடுத்தவன்."

"பேந்து?" என்று கேட்டாள் தர்மிகா.

"ஞாயிற்றுக்கிழமை காலமை பொலிஸ் போன் அடிச்சது. நித்திரையில நெஞ்சு நிண்டு போச்சாம். பொக்கற்றில என்ர நம்பர் மட்டும் இருந்ததாம். சடங்கு அடுத்த சனிக்கிழமை. மண்டபம் எடுத்தாச்சு, நானூறு பேருக்குச் சொல்லியாச்சு. கனடாவில இருந்து சனம் வந்து இறங்கீற்றுது. செத்த செய்தி சொன்னால் துடக்கு. சடங்கு நிண்டுபோம். பிள்ளை தலைப்பா கட்டின மாமனையும் காணாமல், சடங்கும் இல்லாமல்..." அவர் நிறுத்தினார். "சடங்கு முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம் எண்டு நினைச்சன். ஒரேயொரு கிழமை."

"ஞாயிற்றுக்கிழமை ஏன் சொல்லேல்லை?"

"அண்டைக்குக் காலமை மனோ குசினியில நிண்டு அழுதவள். 'என்ர வாயால துரத்தினன், அவன் வந்து நிண்டிருந்தால் காலில விழுந்திருப்பன்' எண்டு. அதைக் கேட்டாப்பிறகு என்னெண்டு தங்கச்சி சொல்லுறது? நீ விழ நினைச்ச கால் எரிஞ்சு நாலு நாள் எண்டோ?"

நான் பொதுவாக இப்படியான இடத்தில் ஏதாவது பகிடி விட்டு நிலைமையைச் சமாளிப்பவன். அன்றைக்கு அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன்.

சாம்பலைத் தனியாக வாங்கி, இந்தக் கப்பலில் கொண்டுவந்து, போர்ட் கதவைத் தாண்டியதும் கரைத்தாராம். "மேல போட்டால் கதவு மறிச்சிடும். கதவுக்குக் கீழ போட்டால் கடல்மட்டும் போவான் எண்டு நினைச்சன்." கீழே இன்னும் எத்தனை அணை, எத்தனை கதவு என்று தர்மிகாவுக்குத் தெரியும். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"மச்சானுக்கு மச்சான் திவசம் செய்யலாமோ எண்டுகூடத் தெரியாது. ஐயரைக் கேட்டால் கதை வெளியில வந்திடும். நானே ஏதோ செய்யிறன். செய்து போட்டு, முன்னமே வாங்கி எழுதி வைச்ச அட்டையைத் தபாலில போடுவன். முதல் வருசம் அவள் அவனை நினைச்சுச் சாப்பிடாமல் கிடந்தவள். அட்டை வந்த அண்டைக்குச் சாப்பிட்டாள். பேந்து என்னால நிப்பாட்ட முடியேல்லை."

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை எட்டிப் பார்த்தது. அல்ட்ரோய் நாரை. முத்திரை ஒட்டியாகிவிட்டது.

"கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கு," என்றார். "அது முடிய நானே சொல்லுறன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"போன முறையும் ஒரு கிழமைதான் கேட்டனீங்கள் அண்ணை," என்றாள் தர்மிகா. அவள் குரலில் கோபம் இல்லை. "நான் சொல்ல மாட்டன், நீங்கள்தான் சொல்லோணும். ஆனா அவ காசு தந்து என்னட்டைக் கேட்டவ. இல்லாத ஆளைத் தேடுறன் எண்டு நான் நடிக்கேலாது."

இனியும் மறைக்க முடியாது. "அண்ணை, அக்கா சோலோதுர்ன் துறையில நிக்கிறா. தம்பி வருவான் எண்டு நான்தான் வரச் சொன்னனான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். பியூரன் வந்தது, போனது. அல்ட்ரோயில் கூரைக்குக் கூரை நாரைகள் நின்றன. சின்னப் பிள்ளைகள் கத்தின. ஒருவரும் இறங்கவில்லை.

சோலோதுர்ன் துறையில் மனோகரி அக்கா மாம்பழ நிறச் சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து நின்றாள். கையில் ஒரு பை. கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தாடி வைத்த ஒரு தமிழ்ப் பெடியனைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்து, இல்லையென்று நின்றாள். குகதாசன் இப்போது எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாதே.

பிறகு கணவரைக் கண்டாள். முகம் மலர்ந்துவிட்டது. டியூட்டியை விட்டுவிட்டு இவரும் தம்பியைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்களும் வந்தனீங்களோ? எங்கை அவன்? பின்னால வாறானோ?"

யோகராஜா அண்ணை இறங்கி அவள் முன்னால் போய் நின்றார். அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையைக் குனிந்து பார்த்தாள். மோதிரவிரலில் தர்ப்பை இன்னும் கிடந்தது. கழற்ற மறந்துவிட்டார்.

அவருக்குத் தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் திவசம் தை மாதம். அதற்குச் சமைக்கிறவளே அவள்தான். ஆனியில் அந்தக் கையில் தர்ப்பை இருக்க ஒரு நியாயமும் இல்லை.

அவள் கத்தவில்லை. அந்த விரலைத் தடவிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்.

"என்ன திதி?"

"பஞ்சமி."

"எத்தினை வருசம்?"

"பதின்மூண்டு. சடங்குக்கு முதல் ஞாயிறு."

அவள் தலையை ஆட்டினாள். மனதுக்குள் வருடங்களை எண்ணுவது தெரிந்தது. "அட்டை வாற நாளெல்லாம் அவனுக்கு விருப்பமெண்டு நண்டு வாங்கிச் சமைச்சனான். நீங்கள் வயிறு சரியில்லை எண்டு சொல்லிச் சாப்பிடாமல் விட்டனீங்கள்."

துறைக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் இறங்குகிற கல்படிகள் இருக்கின்றன. வெயிலுக்கு ஐஸ்கிரீமோடு நாலைந்து பேர் இருந்தார்கள். அக்கா அவர்கள் நடுவால் இறங்கிப் போனாள். கடைசிப் படியில் குந்தி, இரண்டு கையாலும் ஆற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினாள். பூ கழன்று தண்ணீரில் போனது. மறுபடியும் ஊற்றினாள். செத்த செய்தி கேட்டால் முழுக வேண்டும். அவள் பதின்மூன்று வருடம் பிந்தி முழுகினாள். ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் இடம் விட்டு எழுந்து நின்றார்கள்.

தர்மிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. வரச் சொன்னவன் நான்தானே, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அக்கா ஈரச் சேலையோடு மேலே வந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்தாள். நாரையைப் பார்த்தாள். திருப்பி வாசித்தாள். தலையிலிருந்து ஒரு துளி விழுந்து 'சுகம்' என்ற இடத்தில் மை கரைந்தது. சேலைத் தலைப்பும் ஈரம், விரலால் ஒற்றி எடுத்தாள்.

"மனோ, நான் இதைக் கிழிச்சுப் போடுறன்."

"வேண்டாம். பெட்டியில போடுங்கோ." அட்டையை அவர் கையில் திருப்பி வைத்தாள். "செவ்வாய்க்கிழமை மதுஜா தபால்பெட்டியைத் திறந்து பாப்பாள். மாமன்ர அட்டை வராட்டிக் கேப்பாள். என்னால அந்த முகத்தைப் பாத்துச் சொல்லேலாது."

தர்மிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு என்னிடம் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"மண்டபம் எடுத்தாச்சு, எல்லாருக்கும் சொல்லியாச்சு," என்றாள். "கலியாணம் முடியட்டும். நானே சொல்லுறன்."

யோகராஜா அண்ணை அட்டையை வாங்கிக்கொண்டு, பாலத்தடியில் இருந்த மஞ்சள் தபால்பெட்டியை நோக்கி நடந்தார்.